பட்டயத்திலிருந்து அரசமைப்புக்கு: மாசசூசெட்ஸ் கம்பெனியும் அமெரிக்க மக்களாட்சியின் தோற்றமும்

அமெரிக்க மக்களாட்சியின் வேர்களைத் தேடுவோர் பெரும்பாலும் ஏதென்ஸிலோ ஜான் லாக்கின் நூல்களிலோ தொடங்குகின்றனர். 1787இல் பிலடெல்பியாவில் அரசமைப்பை வகுக்கக் கூடியவர்களில் பலர் அவற்றைக் கற்றிருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் ஆட்சி நடத்தும் பழக்கம் அவர்களுக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் குடியேற்றங்களில் இயங்கிய சட்டமன்றங்களில் கைவந்தது. அவற்றுள் தலையாய ஒன்று வணிகக் கம்பெனியின் உறுப்பினர் கூட்டமாகப் பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1629 மார்ச்சில் முதலாம் சார்லஸ் மன்னர் மாசசூசெட்ஸ் விரிகுடாக் கம்பெனிக்குப் பட்டயம் அளித்தார். ஓர் ஆளுநர், ஒரு துணை ஆளுநர், 18 உதவியாளர்கள். ஆண்டுக்கு நான்கு முறை உறுப்பினர்கள் கூடும் ‘ஜெனரல் கோர்ட்’ என்னும் பொதுக்கூட்டம். லண்டன் கம்பெனிகளுக்கு இது வழக்கமான அமைப்பே. 1600இல் பட்டயம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஓர் ஆளுநரும் 24 பேர் குழுவும் இருந்தன. ஆனால் அதன் உறுப்பினர் கூட்டம் லண்டனை விட்டு நகரவில்லை. அது ஆண்ட சென்னையின் மக்களுக்கு அங்கே இடமும் இல்லை. மாசசூசெட்ஸ் பட்டயமோ, கூட்டம் எங்கே கூட வேண்டும் என்று சொல்லாமல் விட்டிருந்தது. 1629 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கூடிய, கம்பெனியைச் சேர்ந்த பியூரிட்டன் கிறிஸ்தவர்கள் பட்டயத்தோடும் நிர்வாகத்தோடும் கடல் கடக்கத் தீர்மானித்தனர். மறு ஆண்டு ஜான் வின்த்ராப் தலைமையில் கம்பெனியே கப்பலேறியது.

வின்த்ராப் மக்களாட்சியை விரும்பியவர் அல்லர். அதை அவர் மறைத்ததும் இல்லை. சட்டமியற்றும் அதிகாரம் முதலில் உதவியாளர்கள் கையிலேயே இருந்தது. 1631இல் நூற்றுக்கு மேற்பட்டோர் உறுப்பினராயினர்; இனித் திருச்சபையைச் சேர்ந்தவரே அவ்வுரிமை பெறலாம் என்ற விதியும் உடன் வந்தது. மறு ஆண்டு அரண் கட்ட வரி விதிக்கப்பட்டபோது, தங்கள் இசைவின்றி விதித்ததைச் செலுத்தமாட்டோம் என்றது வாட்டர்டவுன் என்னும் ஊர். ஊரார் பின்னர் பணிந்தனர். ஆனால் கேள்வி பணியவில்லை. 1634இல் ஊர்களின் சார்பில் வந்தவர்கள் பட்டயத்தைக் காட்டும்படி கேட்டார்கள். சட்டமியற்றும் உரிமை ஜெனரல் கோர்ட்டுக்கு உரியது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அவ்வாண்டு முதல் ஊர்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்து அனுப்பின; வின்த்ராப் ஆளுநர் பதவியை இழந்தார். எழுதிவைத்த ஆவணத்தைக் காட்டி ஆள்வோரைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி அரிது.

இரு அவை முறைக்கு வழிவிட்டது ஒரு பெண்பன்றி. காணாமற்போன தன் பன்றியைச் செல்வந்த வணிகர் ராபர்ட் கெய்ன் கொன்றுவிட்டார் என்று ஷெர்மன் என்னும் எளிய பெண் தொடர்ந்த வழக்கு 1642இல் ஜெனரல் கோர்ட்டுக்கு வந்தது. பிரதிநிதிகளில் பாதிப்பேர் அவள் பக்கம், உதவியாளர்களில் பெரும்பாலோர் வணிகர் பக்கம். யார் முடிவு செல்லும் என்ற பூசல் முற்றி, 1644இல் இரு தரப்பும் தனித்தனி அவைகளாகப் பிரிந்தன.

வர்ஜீனியாவின் சட்டமன்றமும் கம்பெனி ஏற்பாடுதான். 1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் அது முதன்முறை கூடியது. சில வாரங்களில் ஆப்பிரிக்கர்களைப் பிடித்து ஏற்றிவந்த கப்பல் அதே குடியேற்றத்தை அடைந்தது. உணவுப் பொருளுக்கு ஈடாக அவர்கள் விற்கப்பட்டனர்.

கம்பெனி மரபின் குறையும் இங்கேதான் உள்ளது: பங்கு உள்ளவனுக்கே குரல். மாசசூசெட்ஸின் 1691ஆம் ஆண்டுப் புதிய பட்டயம் திருச்சபைத் தகுதியை நீக்கி, அவ்விடத்தில் சொத்துத் தகுதியை வைத்தது. விடுதலைக்குப் பின் பெரும்பாலான மாநிலங்கள் புதிய அரசமைப்பு எழுதின; கனெக்டிகட்டும் ரோட் ஐலண்டும் அரச பட்டயங்களையே வைத்துக்கொண்டன. 1663ஆம் ஆண்டுப் பட்டயத்தின் கீழ் ரோட் ஐலண்டில் நிலமுள்ளோரும் அவர்களின் மூத்த மகன்களுமே வாக்களித்தனர். ஆலைத் தொழிலாளர் பெருகிய காலத்தில் இது தாங்கவில்லை. 1842இல் தாமஸ் டோர் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டாலும் 1843இல் புதிய அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றோர்க்கு மட்டும் நிலத் தகுதி 1888 வரை நீங்கவில்லை.