உள்மாற்றங்களைக் கைவிடுதல்

பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில், நிரலாளர் தம் கணினியில் திருத்திவிட்டு இன்னும் கமிட் செய்யாத, அதாவது வரலாற்றில் பதிவு செய்யாத, மாற்றங்களை நீக்கி, கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது உள்மாற்றங்களைக் கைவிடுதல் எனப்படும். எழுதிப் பார்த்த நிரல் சரிப்படாதபோது கைகொடுப்பது இதுதான். அவசரத்தில் செய்தால் வேலையைத் தொலைப்பதும் இதனால்தான்.

சில மென்பொருள்கள் இதில் கொஞ்சம் தயவுள்ளவை. சிவிஎஸ்ஸின் அப்டேட் கட்டளையில் பெரிய 'சி' சேர்த்தால் மாற்றங்கள் போகும். ஆனால் திருத்திய கோப்பு வேறு பெயரில் அதே கோப்புறையில் தங்கும். மெர்க்கூரியலின் ரிவர்ட், 'ஆரிஜ்' என்ற வால் ஒட்டி ஒரு நகலை வைக்கும். ஆனால் சப்வெர்ஷனின் ரிவர்ட் அப்படி எதையும் வைக்காது. திருத்தப்படாத மூலப்படியைக் கணினியிலேயே அது வைத்திருப்பதால், இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

லினக்ஸ் கெர்னலுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட், இந்த விஷயத்தில் கறாரானது. அதில் நெடுங்காலம் 'செக்அவுட்' என்ற ஒரே கட்டளைதான் கிளை மாறவும் கோப்பின் மாற்றங்களை அழிக்கவும் பயன்பட்டது. இல்லாத கிளையின் பெயரைத் தட்டி, அதே பெயரில் ஒரு கோப்புறை இருந்துவிட்டால், அதிலிருந்த திருத்தங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மோசமான வடிவமைப்பு என்றே சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் வந்த 2.23ஆம் பதிப்பில்தான் கிளை மாற 'ஸ்விட்ச்', மாற்றம் நீக்க 'ரிஸ்டோர்' எனத் தனிக் கட்டளைகள் கிடைத்தன.

ரிஸ்டோர் இயல்பாகக் கோப்பை எடுப்பது கடைசிக் கமிட்டிலிருந்து அல்ல, அடுத்த கமிட்டுக்காக 'ஆட்' செய்து வைத்த இண்டெக்ஸிலிருந்து. இண்டெக்ஸில் உள்ள மாற்றங்களையும் கோப்பில் உள்ளவற்றையும் சேர்த்துத் துடைக்க 'ரீசெட் ஹார்ட்' உதவும். அதுவும் கிட் கண்காணிக்காத புதுக் கோப்புகளைத் தொடாது. அவற்றை நீக்குவது 'கிளீன்'. வழக்கமான அமைப்பில் 'எஃப்' என்று வற்புறுத்தாமல் கிளீன் எதையும் அழிக்காது. 'என்' சேர்த்தால் எவை அழியும் என்று பட்டியல் மட்டும் காட்டும். 'எக்ஸ்' சேர்க்கும்போது எச்சரிக்கை தேவை. கிட்இக்னோரில் போட்டு ஒதுக்கிவைத்த கடவுச்சொல் கோப்புகளும் அதோடு போகும்.

முடிவெடுக்கத் தயங்குபவர்களுக்கு 'ஸ்டாஷ்' இருக்கிறது. மாற்றங்களை ஒதுக்கிவைத்து, பிறகு திரும்ப எடுக்கலாம்.

தவறி அழித்தவற்றில் ஒருமுறையாவது ஆட் செய்தவை, கிட் குப்பை அகற்றும்வரை அதன் களஞ்சியத்தில் கிடக்கும். 'எஃப்எஸ்சிகே' கட்டளையால் தேடலாம். ஆட்கூடச் செய்யாதவற்றைக் கிட்டால் மீட்க முடியாது. இன்டெல்லிஜே, விஎஸ் கோட் போன்ற எடிட்டர்கள் தாமே வைத்திருக்கும் உள்ளூர் வரலாற்றில்தான் அவற்றைத் தேட வேண்டும்.