சிறு நிறக்கோல் காட்டிய பெருவழி

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் முன்னோர் வாக்கு. மருத்துவ வரலாற்றில் அதனை மெய்ப்பித்தது, குரோமோசோம் எனப்படும் நிறக்கோல்களுள் ஒன்றாகும்.

1845-ஆம் ஆண்டில் எடின்பரோவில் பென்னட்டும், பெர்லினில் விர்ஹோவும் இரத்தப் புற்றுநோயைத் தனித்தனியே விவரித்தனர். வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகக் கண்டனரேயன்றி, அதன் காரணத்தை அறிந்தாரில்லை. வெள்ளணுக்கள் பிற நோய்களிலும் பெருகுமாதலால், எண்ணிக்கை ஒன்றையே கொண்டு இந்நோயை உறுதி செய்தல் இயலாது.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்னும் இருவர், நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளரின் அணுக்களில் இயல்பினும் குறுகிய நிறக்கோல் ஒன்றைக் கண்டனர். அந்நகரின் பெயரே அதற்கும் பெயராயிற்று. குறைந்த பகுதி எங்கே சென்றது? 9-ஆம், 22-ஆம் நிறக்கோல்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன என்று 1973-இல் விடை பகர்ந்தவர் சிகாகோவின் ஜேனட் ரௌலி அம்மையார். அம்மாற்றத்தால் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்னும் கலப்பு மரபணு தோன்றி, அணுக்களை ஓயாது பெருகச் செய்யும் புரதத்தை விளைவிக்கிறது என்பது 1980-களில் தெளிவாயிற்று.

நோய்க்காரணம் அறியவே மருந்தும் பிறந்தது. அப்புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கொடிய நோய், பலருக்கு நாள்தோறும் உண்ணும் மாத்திரையால் அடங்கி நிற்கும் நோயாயிற்று. அதன் ஒரு வடிவத்திற்குக் கோரப்பட்ட காப்புரிமையை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகமும், 2013-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தன. குறைந்த விலையில் இந்தியத் தயாரிப்புகள் கிடைக்க இத்தீர்ப்பு துணைநின்றது.

எனினும் மருந்துக்கு முன்னே சோதனை வேண்டும். நாட்பட்ட லிம்போசைட்டு வகை இரத்தப் புற்றுநோயில் இக்கலப்பு மரபணு இல்லை. ஆதலின் அதற்கு இம்மாத்திரை மருந்தாகாது. நுண்ணோக்கிக்குப் புலப்படாத மாற்றத்தையும் மரபணுச் சோதனை காட்டிவிடும். சிகிச்சை தொடங்கிய பின், கலப்பு மரபணு எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதையும் அதுவே அளந்துரைக்கும்.

இறுதியாக ஒன்று. மரபணுச் சோதனை என்றவுடன், இது குலவழி வரும் நோயோ எனக் குடும்பங்கள் கலங்குவதுண்டு. மக்களின் மணப்பேச்சுக்கு ஊறு வருமென்று மறைப்பாரும் உளர். இவ்வச்சம் வேண்டா. இம்மாற்றம் ஒருவர் பிறந்தபின் அவரது எலும்பு மச்சையின் அணுவொன்றில் நேர்வது. பெற்றோர் தந்ததன்று, பிள்ளைகட்குச் செல்வதுமன்று. நோயை மறைத்தல் உயிரை இழத்தல். சோதித்து அறிதலே வாழும் வழி.