தேடுவது ஒன்று, திறப்பது வேறொன்று... பிரவுசர் ஹைஜாக்கரை விரட்டுவது எப்படி?

கூகுளில் தேடினால் பெயர் தெரியாத வேறு ஏதோ ஒரு தளம் திறக்கிறது. முகப்புப் பக்கமும் மாறியிருக்கிறது. செட்டிங்ஸில் போய் சரி செய்தால், மறுநாள் மீண்டும் அதே கதைதான். உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி நடக்கிறதா? அப்படியென்றால் அதில் 'பிரவுசர் ஹைஜாக்கர்' புகுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிரவுசர் ஹைஜாக்கர் என்றால் என்ன?

உங்கள் அனுமதி இல்லாமல் பிரவுசரின் தேடுபொறி, முகப்புப் பக்கம், புதிய டேப் ஆகியவற்றை மாற்றிவிடும் மென்பொருள்தான் இது. நீங்கள் தேடும் ஒவ்வொரு சொல்லும் முதலில் அதை இயக்குபவர்களின் தளத்துக்குப் போகும். பிறகு விளம்பரங்களோடு முடிவுகள் வரும். ஒவ்வொரு தேடலுக்கும், ஒவ்வொரு கிளிக்குக்கும் அவர்களுக்குக் காசு. அதற்காகத்தான் இந்த வேலை.

விளம்பரம்தானே, வந்தால் என்ன?

இங்கேதான் ஆபத்து. வங்கியின் பெயரையோ, கஸ்டமர் கேர் எண்ணையோ தேடும்போது போலி தளமும் போலி எண்ணும் முதலில் வந்து நிற்கலாம். அந்த எண்ணுக்கு போன் செய்து ஓடிபியைச் சொன்னால் கணக்கில் இருக்கும் பணம் காலி. சில எக்ஸ்டென்ஷன்கள் நீங்கள் பார்க்கும் பக்கங்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி வாங்கி வைத்திருக்கும். பாஸ்வேர்டு டைப் செய்யும் பக்கமும் அதில் அடங்கும்.

இந்தியாவை குறிவைத்த ஃபயர்பால்

2017 ஜூனில் செக் பாயின்ட் நிறுவனம் 'ஃபயர்பால்' என்ற ஹைஜாக்கரைப் பற்றி எச்சரித்தது. உலகம் முழுவதும் 25 கோடி கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாகவும், அதில் இந்தியாவில் மட்டும் 2.5 கோடிக்கும் மேல் என்றும் அந்நிறுவனம் கணக்கு சொன்னது. இந்த எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. ஆனால் ஃபயர்பால் 2015 முதலே தங்கள் கண்காணிப்பில் இருப்பதாக அதுவும் கூறியது. இலவச மென்பொருட்களோடு சேர்ந்து வந்து, போலி தேடுபொறியை முகப்புப் பக்கமாக்குவதுதான் ஃபயர்பாலின் வழி. இன்றும் பல ஹைஜாக்கர்கள் இதே வழியில்தான் வருகின்றன.

எப்படி உள்ளே வருகிறது?

இலவச வீடியோ பிளேயர், பிடிஎஃப் கன்வெர்ட்டர் போன்றவற்றை டவுன்லோடு செய்து, எதையும் படிக்காமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'னு அழுத்திக்கொண்டே போவோம். நடுவில் ஒரு சின்னப் பெட்டியில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருக்கும். அவ்வளவுதான், ஹைஜாக்கரும் சேர்ந்து இன்ஸ்டால் ஆகிவிடும்.

வரிசை முக்கியம்

பலரும் தேடுபொறியை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதை மாற்றிய மென்பொருள் உள்ளேயே இருப்பதால் பிரச்சினை திரும்ப வருகிறது. எனவே இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குச் சென்று, இன்ஸ்டால் செய்த தேதிப்படி பட்டியலைப் பாருங்கள். பிரச்சினை தொடங்கிய நாளில் வந்த, தெரியாத மென்பொருளை நீக்குங்கள்.

2. குரோமில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பகுதியைத் திறந்து, நீங்கள் சேர்க்காத அனைத்தையும் நீக்குங்கள்.

3. விண்டோஸில் உள்ள 'விண்டோஸ் செக்யூரிட்டி' மூலம் முழு ஸ்கேன் செய்யுங்கள்.

4. அதன் பிறகு குரோம் செட்டிங்ஸில் 'ரீசெட் செட்டிங்ஸ்' கொடுங்கள். புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு எதுவும் அழியாது. தேடுபொறியும் முகப்புப் பக்கமும் பழைய நிலைக்கு வந்துவிடும்.

5. ஒரே கூகுள் கணக்கை இரண்டு கம்ப்யூட்டர்களில் பயன்படுத்தினால் இரண்டிலும் நீக்குங்கள். இல்லையென்றால் 'சிங்க்' வழியாக அந்த எக்ஸ்டென்ஷன் மறுபடி வந்து சேரும்.

போனில் என்றால்?

ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் கிடையாது. அங்கே சிக்கல் பெரும்பாலும் தெரியாத ஆப், அல்லது நாமே 'அல்லோ' கொடுத்த நோட்டிஃபிகேஷன் மூலம் வரும். குரோம் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்' சென்று, தெரியாத தளங்களின் நோட்டிஃபிகேஷன் அனுமதியை நிறுத்துங்கள். சமீபத்தில் போட்ட ஆப்களை நீக்கிவிட்டு, பிளே ஸ்டோரில் 'பிளே புரொடெக்ட்' ஸ்கேன் செய்யுங்கள். ஒரு ஆப் நீங்க மறுத்தால், போன் செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின்' அனுமதியை முதலில் ரத்து செய்யுங்கள். பிறகு நீக்க முடியும்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

ஹைஜாக் ஆன பிரவுசரிலேயே 'வைரஸ் ரிமூவர்' என்று தேட வேண்டாம். கிடைப்பது இன்னொரு ஹைஜாக்கராகவும் இருக்கலாம். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' தளத்தில் இலவச கருவிகள் கிடைக்கின்றன. அந்தத் தளத்தையும் பாதிக்கப்படாத வேறொரு கருவியில் திறப்பதே நல்லது.

எல்லாம் முடிந்த பிறகு மின்னஞ்சல், வங்கிக் கணக்கு பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் பறிபோயிருந்தால் யோசிக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் வேறு கணக்குக்குப் போகாமல் முடக்கும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.