எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள்

மனச்சோர்வுக்கு இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தருவது எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகளைத்தான். ஃப்ளூவாக்ஸெடின், எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் ஆகியவை இதில் அடங்கும். 1987 டிசம்பரில் அமெரிக்காவில் ஃப்ளூவாக்ஸெடினுக்கு அனுமதி கிடைத்தபின் இவை உலகெங்கும் பரவின.

மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததற்குச் சேதி சொல்லச் செரட்டோனின் என்னும் வேதிப்பொருளை இடைவெளியில் விடும். பிறகு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இந்த உறிஞ்சலை மாத்திரை தடுக்கிறது. தடுப்பது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். மனம் தெளியவோ இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். செரட்டோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு வருகிறது என்ற பழைய விளக்கம் இன்று போதுமானதாகக் கருதப்படுவதில்லை.

இந்தச் சில வாரங்களில்தான் சிக்கலே. குமட்டல், தலைவலி, படபடப்பு முதல் வாரமே வந்துவிடும். பலன் பின்னால்தான் வரும். ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று அட்டையைப் பாதியில் பரணில் போட்டுவிடுவார்கள். மறுபடி போய்க் கேட்கலாம் என்றால், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ இருப்பவர் மனநல மருத்துவரைப் பார்க்கக் கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். அன்றைய கூலி போயிற்று. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. ஆகவே, ‘முதலில் வயிற்றைப் புரட்டும், போகப்போகச் சரியாகும்’ என்று மருந்து தரும்போதே சொல்லிவிடுவது மாத்திரைக்கு நிகரான சிகிச்சை.

சிகிச்சைக்கு வருபவர் ‘மனசு சரியில்ல’ என்று தொடங்குவது அரிது. அசதி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை என்றே சொல்வார். மருத்துவர் குடிப்பழக்கத்தையும், முன்பு எப்போதாவது அளவுமீறிய உற்சாகம் வந்ததா என்பதையும் விசாரிக்க வேண்டும். இருதுருவக் கோளாறு உள்ளவருக்கு இம்மாத்திரையை மட்டும் கொடுத்தால் உற்சாகம் வெறியாக மாறக்கூடும். துக்கத்தில் அழுகிறவருக்கெல்லாம் இது மருந்தாகாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அப்படியொரு இழவு வீட்டுக்கு முதலில் வேண்டியது ஆள் துணை.

எஸ்சிடலோபிராம் வழக்கமாக 5 அல்லது 10 மி.கி.யில் தொடங்கும். 25 வயதுக்குட்பட்டோருக்குத் தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று முதல் வாரங்களில் வீட்டார் கவனிக்க வேண்டும். இது தூக்க மாத்திரை அல்ல, போதையும் தராது. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, மருத்துவர் சொற்படி சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும்.

மலையிறங்க முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.