மாருதி எஞ்சினும் எங்க ஊர் ரேஸ் காரும்

சாக்கன், பிம்ப்ரி பக்கம் பேங்க் வேலை என்றால் கார் பாகங்களோடுதான் பொழுது போகும். லோன் கேட்டு வருகிற பார்ட்டிகளில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கார் கம்பெனிக்கு ஏதாவது ஒரு பாகம் செய்து கொடுக்கிறவர்கள். புனே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. பி.காம். படித்த எனக்கே இப்போது கொஞ்சம் கார் ஞானம் உண்டு என்றால் பாருங்களேன்.

போன வாரம் பையன் கேட்டான், "அப்பா, ரேஸ் ஓட்டணும்னா எவ்வளவு செலவாகும்?" பதினாலு வயசு. ஒரு தொகையைச் சொல்லி வாயை அடைத்திருக்கலாம். என்னமோ, கரிவர்தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

எஸ்.கரிவர்தன் எங்க கோயம்புத்தூர்க்காரர், தொழிலதிபர். அந்தக் காலத்தில் ரேஸ் என்றால் சென்னைக்கு வடக்கே சோழவரம், பழைய விமான ஓடுதளம். நல்ல ஒற்றை இருக்கை ரேஸ் கார் வேண்டுமானால் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். விஜய் மல்லையா என்சைன் என்கிற ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து அங்கே ஓட்டினார். மற்றவர்கள் எங்கே போவது?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூணு சிலிண்டர். 80களின் பிற்பாதியில் கரிவர்தன் அந்த எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். பெயர் ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே மாதிரி வண்டி. காசுக்காரன் பெரிய எஞ்சின் வாங்கிப் போட்டு ஜெயிக்க வழியில்லை. எஞ்சின் சாமான் வேண்டுமா, ஊர் மாருதி கடையிலேயே கிடைக்கும். இன்றைக்கு இந்த ப்ராஜெக்ட் என் மேஜைக்கு வந்தால் அந்தக் கடைசி பாயிண்ட்டுக்காகவே சாங்ஷன் செய்வேன்.

நாராயண் கார்த்திகேயன் முதலில் ஓட்டியது இதில்தான். 1994-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை ஜெயித்தார், 2005-ல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன். அந்த ஜூனில் இண்டியானாபொலிஸ் பந்தயத்தை இங்கே வாடகை ஃப்ளாட்டில் நடுராத்திரி வரை பார்த்தோம். மிஷலின் டயர் பிரச்சினையில் 14 கார்கள் ஒதுங்க, ஓடியது ஆறே ஆறு. நாராயண் நாலாவது, 5 புள்ளி. "ஆறு பேர்ல நாலாவதுதானே" என்றான் ரூம்மேட். ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை.

கருண் சந்தோக்கும் 2000-ல் ஃபார்முலா மாருதி சாம்பியன்தான்.

ஆனால் பையனிடம் மறைக்காமல் ஒன்றையும் சொன்னேன். நாராயணோட அப்பா ராலி ஓட்டியவர், கருணோட அப்பாவும் ரேஸ்காரர். வண்டி விலை இறங்கியது நிஜம். ஆனால் எங்க தெருவில் பம்பரம் விட்ட பசங்களுக்கு எட்டுகிற அளவுக்கு இறங்கவில்லை.

கரிவர்தன் 1995-ல் குட்டி விமான விபத்தில் இறந்துபோனார். நாராயண் ஃபார்முலா ஒன்னுக்குப் போனதைப் பார்க்க அவர் இல்லை. பிறகு கோவையின் எல்.ஜி.பி. பெயரில் (பைக் செயினில் ரோலான் என்று பார்த்திருப்பீர்களே, அவர்கள்தான்) ஸ்விஃப்ட் எஞ்சின் போட்ட ஃபார்முலா கார்கள் வந்தன. செட்டிபாளையத்து ரேஸ் டிராக்குக்குக் கரிவர்தன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

"அப்போ எவ்வளவுதாம்ப்பா ஆகும்?" என்றான் மறுபடியும். தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போகும்போது செட்டிபாளையத்தில் விசாரிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது.