இலவச பிடிஎஃப் எல்லாம் 'ஓப்பன்' புத்தகமா? கம்யூனிகேஷன் ரிசர்ச் பாடநூல் குறைந்த செலவில் உருவாவது எப்படி?

சர்வே எப்படி எடுப்பது? 500 செய்திகளை எப்படி வகை பிரித்து எண்ணுவது? கிடைத்த முடிவை எந்த அளவுக்கு நம்பலாம்? இதையெல்லாம் சொல்லித்தருவதுதான் தகவல்தொடர்பு ஆய்வு முறைகள் என்ற பாடம். அமெரிக்காவில் இளங்கலை கம்யூனிகேஷன் மாணவர்கள் பலரும் இதைப் படித்தாக வேண்டும். ஆனால், அங்கே பாடப்புத்தகத்தின் விலையைக் கேட்டாலே தலை சுத்தும்.

விலைக்குப் பயந்து ஏதாவது ஒரு பாடநூலை வாங்காமல் விட்டதாக 65 சதவீத மாணவர்கள் கூறியதாக, 'ஸ்டூடன்ட் பிஐஆர்ஜி' என்ற அமெரிக்க மாணவர் அமைப்பு 2014-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அப்படி விட்டவர்களில் 94 சதவீதம் பேருக்கு மார்க் குறைந்துவிடுமோ என்ற கவலையும் இருந்தது. இதற்கு மாற்றாக வந்ததுதான் ஓப்பன் டெக்ஸ்ட்புக், அதாவது திறந்த பாடநூல்.

இலவசம் வேறு, ஓப்பன் வேறு

இணையத்தில் சும்மா கிடைக்கிற பிடிஎஃப் எல்லாம் ஓப்பன் புத்தகம் ஆகாது. அதைப் படிக்கலாம், அவ்வளவுதான். ஓர் அத்தியாயத்தை வெட்டி, உதாரணத்தை மாற்றி, அச்சடித்துக் கொடுக்க உரிமை இருக்காது. ஓப்பன் புத்தகத்தில் அந்த அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுகிறார்கள். இதற்கு அதிகம் பயன்படுவது, 2002-ல் முதன்முதலாக வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள்.

முதல் பக்கத்திலிருந்து எழுதணுமா?

தேவையில்லை. ஏமி பிளாக்ஸ்டோன் சமூகவியல் மாணவர்களுக்காக எழுதிய ஆய்வு முறைப் பாடநூல் 2012-ல் வந்தது. அதை எடுத்து சமூகப் பணி மாணவர்களுக்கு ஏற்றபடி மாற்றி, மேத்யூ டிகார்லோ 2018-ல் 'சயின்டிஃபிக் இன்கொயரி இன் சோஷியல் வொர்க்' என்ற ஓப்பன் புத்தகத்தைக் கொண்டுவந்தார். மாதிரி எடுப்பது, அளவிடுவது, ஆய்வு நெறிமுறை போன்ற அடிப்படைகள் எல்லா சமூக அறிவியல் துறைக்கும் பொதுதானே!

கம்யூனிகேஷனுக்கும் இதே வழிதான். அடிப்படை அத்தியாயங்களை இருக்கிற ஓப்பன் நூல்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். புதிதாக எழுத வேண்டியது துறைக்கே உரிய பகுதிகளை மட்டும்தான். உதாரணமாக, ஒரே செய்தியை இரண்டு பேர் தனித்தனியாக வகை பிரித்தால் ஒரே விடை வருகிறதா என்று சோதிப்பது, சமூக வலைதளப் பதிவுகளை ஆய்வுக்கு எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை.

உரிமத்தில் எங்கே சிக்கும்?

'பிஒய்' என்றால் மூல ஆசிரியர் பெயரைச் சொல்ல வேண்டும். 'என்சி' என்றால் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. 'எஸ்ஏ' என்றால் மாற்றிய நூலையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். 'என்டி' என்று இருந்தால், மாற்றியதை வெளியிடவே முடியாது. மொழிபெயர்ப்பும் இதில் அடக்கம்.

கலக்கும்போது இன்னும் கவனம் தேவை. விக்கிப்பீடியாவின் உரிமம் 'பிஒய்-எஸ்ஏ'. அதன் பத்திகளை 'பிஒய்-என்சி-எஸ்ஏ' உரிமமுள்ள நூலோடு கலந்து புதிய நூல் செய்ய முடியாது. காரணம், இரண்டுமே 'என் உரிமத்திலேயே வெளியிடு' என்று கேட்கும்.

ஆனால், உண்மைத் தகவலுக்குப் பதிப்புரிமை கிடையாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்களை வாங்கியும் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழின் கணிப்பு தோற்ற கதையை, உங்கள் சொந்த நடையில் தாராளமாக எழுதலாம்.

அப்போ செலவு யாருக்கு?

மாணவருக்கு இலவசம் என்பதால் செலவே இல்லை என்று அர்த்தம் இல்லை. எழுதுபவரின் நேரம், துறை வல்லுநர்களின் பரிசோதனை, பிழை திருத்தம், பார்வையற்ற மாணவர்கள் திரைவாசிப்பான் மூலம் படிக்கும்படி வடிவமைப்பது என எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அதனால்தான் அரசு உதவி முக்கியமாகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2012-ல் 40 பாடங்களுக்கு ஓப்பன் நூல் திட்டத்தை அறிவித்தது. அமெரிக்க நாடாளுமன்றம் 2018-ல் 50 லட்சம் டாலர் ஒதுக்கியது.

தமிழில் கொண்டுவர முடியுமா?

முடியும். 'என்டி' இல்லாத ஓப்பன் நூலை யாரிடமும் தனியாகக் கேட்காமலே, உரிம நிபந்தனைகளுக்கு உட்பட்டு மொழிபெயர்க்கலாம். உதாரணங்களையும் நம்ம ஊருக்கு ஏற்றபடி மாற்றலாம். ஆக, அடுத்த முறை ஒரு பாடநூலை டவுன்லோடு செய்தால், பொருளடக்கத்துக்கு முன்பு உரிமப் பக்கத்தைப் பாருங்கள். அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்பது அங்கேதான் இருக்கிறது.