மனநலத் தொண்டின் வரலாறும் நம் இளைஞர்க்குரிய வழியும்

பட்டாசுத் தொழில் நம் வட்டாரத்திற்குச் சோறிட்டது. அதுவே பல குடும்பங்களுக்குத் தீராத் துயரையும் தந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று நம் அச்சங்குளத்திலும் நேர்ந்த வெடி விபத்துகளை நம்மில் எவர் மறந்தார்? அச்சங்குளத்தில் மட்டும் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாநில அரசு 3 இலட்சமும், பிரதமர் நிவாரண நிதி 2 இலட்சமும் இறந்தோர் குடும்பங்களுக்கு அறிவித்தன. தீக்காயத்திற்கு மருத்துவமனையும், இழப்பிற்கு உதவித்தொகையும் உண்டு என்பதை அறிவோம். உள்ளத்தில் பட்ட காயத்திற்கு யாரை நாடுவது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

அக்காயத்தை ஆற்றத் துணை நிற்பதும் கற்றுத் தேறவேண்டிய ஒரு தொழிலே. அதன் வரலாற்றையும், நம் பிள்ளைகள் அதில் புகும் வழியையும் சுருங்கச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையில் மனநோயாளர் விடுதி 1794இல் வேலண்டைன் கொனோலி என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. 1871இல் அது கீழ்ப்பாக்கத்திற்கு இடம் பெயர்ந்தது. அந்நாளில் நோயாளரை ஊரினின்று பிரித்து வைப்பதே தலையாய முறையாக இருந்தது. 1961இல் அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளரான மருத்துவர் சாரதா மேனன், நோயாளர் மீண்டும் குடும்பத்தோடும் தொழிலோடும் வாழவேண்டும் எனக் கருதி உழைத்தார். 1984இல் அவர் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு அக்கருத்தின் விளைவே. மருந்து கொடுக்க மருத்துவர் போதும். வாழ்வை மீட்டுக் கொடுக்கச் சமூகப் பணியாளரும் வேண்டும் என்னும் உண்மை இவ்வாறு வேரூன்றியது.

ஆயினும் அவ்வுண்மை எங்கும் பரவிவிடவில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டனர். 1985 வரை நம் ஊரும் அப்பழைய மாவட்டத்தைச் சேர்ந்ததே அன்றோ! 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. மனநல மருத்துவம் பெறுதல் உரிமை என்றும் அச்சட்டம் உரைத்தது.

பேரிடர்க்கால மனநலப் பணி இவ்வரலாற்றின் மற்றொரு கிளையாகும். 1984இல் போபாலில் நச்சு வாயு கசிந்தபின், அங்கிருந்த பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் நம் கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்களையே பணியாளராகப் பயிற்றினர். ஈழத்தில் போர் நடந்த காலத்தில், யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஆசிரியர்க்கும் ஊர்ப் பணியாளர்க்கும் இக்கலையைத் தமிழிலேயே கற்பித்தார். இம்மூன்றும் உணர்த்துவது ஒன்றே: துயருற்றோர் அனைவருக்கும் மனநல மருத்துவர் கிட்டார், ஊரிலுள்ளோர் கற்றால்தான் உதவி ஊரை எட்டும்.

2007இல் பன்னாட்டு உதவி அமைப்புகள் கூடி வகுத்த நெறிமுறை இதனை நான்கு அடுக்காக விளக்குகிறது. அடித்தளத்தில் இருப்பது உணவும், உறைவிடமும், பாதுகாப்பும். அடுத்தது குடும்பமும் ஊரும் தரும் ஆதரவு. மூன்றாவது, பயிற்சி பெற்ற பணியாளரின் துணை. உச்சியில் சிலருக்கு மட்டும் வேண்டுவது மனநல மருத்துவம். ஆதலின், வெடி விபத்து நடந்த ஊருக்குச் செல்லும் பணியாளரின் முதற்கடமை அறிவுரை கூறுவதன்று. உடலைத் தேடி அலைவோர்க்குச் சரியான செய்தி கிடைக்கச் செய்வதும், மனு எழுதித் தருவதும், தாயை இழந்த பிள்ளை உற்றாரோடு இருக்கப் பார்ப்பதுமே மனநலப் பணியின் தொடக்கம். நடந்ததைச் சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது; ஒரே அமர்வில் அனைத்தையும் கொட்டவைக்கும் முறை பயன் தராது என்பதால் உலக சுகாதார நிறுவனமும் அதனை ஏற்பதில்லை. சொல்ல விரும்பும்போது பொறுமையுடன் கேட்டலே வேண்டுவது. வாரங்கள் பல கடந்தும் உறக்கமின்றி, உணவின்றி, உயிர் வாழ விருப்பின்றி இருப்பவரை மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.

இனி, இத்துறையில் புகும் வழி யாது? எப்பாடத்தில் பட்டம் பெற்றவரும் எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி முதுகலையில் சேரலாம். அதில் மருத்துவ, மனநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளலாம். 1952இல் தோன்றிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி இதில் மூத்தது. மதுரையிலும் இப்படிப்பு உண்டு. உளவியல் கற்போர் மேற்பயிற்சி பெற்று மருத்துவ உளவியலாளர் ஆகலாம்; அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு கட்டாயம். செவிலியர்க்கும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தில் இம்மூவர்க்கும் இடம் உண்டு. 2022இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. அவ்வாண்டே 14416 என்னும் தொலைபேசி வழி மனநல உதவியும் நாடெங்கும் வந்தது. ஊதியம் தொடக்கத்தில் பெரிதாயிராது. பணிகள் பல ஒப்பந்த முறையிலேயே அமைகின்றன. இதனை மறைத்துப் பிள்ளைகளை அழைத்தல் முறையன்று.

எனினும் நாம் இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மருந்து அறைகளில் உழைப்போருள் நம்மவர் பலர். அவர்தம் வீட்டில் துக்கம் நேர்ந்தால் கோடாங்கியிடம் குறி கேட்பர். ஆடவர் குடியில் மூழ்குவர். பெண்டிர் வாய் திறவாதிருப்பர். தெருவின் பெயரைச் சொல்லவே தயங்கப் பழக்கப்பட்ட மக்கள், எதிரே இருப்பவர் தம்மை இழிவாக எண்ணார் என்னும் உறுதியின்றி நெஞ்சைத் திறப்பரோ? அவ்வுறுதியை எளிதில் தரவல்லார் நம் தெருவில் பிறந்து கற்றுத் திரும்பிய பிள்ளைகளே.

கடந்த 25 ஆண்டுகளில் நம் கல்விக் கழகம் ஆசிரியரையும் எழுத்தரையும் உருவாக்கப் பெரிதும் முயன்றுள்ளது. இனி வரும் ஆண்டுகளில், ஆண்டுக்கு ஒருவரையேனும், சிறப்பாக ஒரு பெண்ணையேனும், இத்துறையில் படிக்கவைக்கக் கழகம் தன் உதவித்தொகையில் ஒரு பங்கை ஒதுக்குக என வேண்டுகிறோம். பெற்றோரும் இதற்கு இசைவாராக.